பெயர் எழுதாத கொப்பி: ஒரு நன்றி மடல்

அன்புள்ள உங்கள் எல்லோருக்கும்,

எங்கள் ஆடைத் தொழிற்சாலையில் தொழிற்சங்கத்துக்காக நடந்த வாக்கெடுப்பில் வென்றுவிட்டோம். தொழில் திணைக்கள உத்தியோகத்தர் எண்ணி முடித்துத் தாளை வாசித்தபோது எனக்குப் பாதி காதில் விழவில்லை. பக்கத்தில் நின்ற தங்கச்சி என் கையைப் பிடித்த பிடியில் இன்னும் கண்டல் இருக்கிறது. இன்றைக்கே எழுதாவிட்டால் நாளைக்கு லைனில் இருந்ததும் எல்லாம் மறந்துபோகும், அதனால்தான் இந்த அவசரம்.

நடந்தவற்றைத் திரும்ப எழுதப் போவதில்லை. யாரை எந்த லைனுக்கு மாற்றினார்கள், யாருடைய வீட்டுப் படலையில் யார் வந்து நின்று என்ன சொன்னார்கள் என்பதெல்லாம் உங்களுக்குத் தெரியும். தெரியாதவர்களுக்கு இப்போதைக்குத் தெரியாமலே இருக்கட்டும்.

ஒரு கணக்கை மட்டும் சொல்லிவிடுகிறேன். அது விளங்கினால்தான் நான் யாருக்கு ஏன் நன்றி சொல்கிறேன் என்பதும் விளங்கும். கைத்தொழில் பிணக்குகள் சட்டத்தில் 1999 இல் ஒரு திருத்தம் வந்தது. ஒரு சங்கம் எந்தத் தொழிலாளர்களுக்காகப் பேச வருகிறதோ அவர்களில் 40 வீதமானோராவது அதன் உறுப்பினராக இருந்தால், முதலாளி பேச மறுக்க முடியாது. அந்த 40 இருக்கிறதா என்று பார்க்கத்தான் இந்த வாக்கெடுப்பு. கணக்குப் பார்ப்பது வந்து வாக்குப் போட்டவர்களை வைத்து இல்லை, எல்லாத் தொழிலாளர்களையும் வைத்து. ஆகவே எங்களைத் தோற்கடிக்க யாரும் எதிர்த்து வாக்குப் போடத் தேவையில்லை. பயந்து வராமல் விட்டாலே போதும். 2003 இல் கட்டுநாயக்க சுதந்திர வர்த்தக வலயத்துத் தொழிற்சாலை ஒன்றில் அதுதான் நடந்தது. நூற்றுக்கணக்கானோர் வேலை செய்த இடத்தில் வாக்களிக்க வந்தது 17 பேர்.

பயம் எதற்கு? பெயருக்கு. சங்கம் ஒன்றைப் பதிய ஏழு பேர் இருந்தால் சட்டப்படி போதும். எட்டாவது ஆளைக் கேட்கப் போகும்போதுதான் தெரியும் கஷ்டம். எங்களுடைய ஊரில் பெயர்ப் பட்டியல் என்ற சொல்லைக் கேட்டாலே அம்மாமாருக்கு வயிறு கலங்கும். ஆர் எழுதினது, ஆரிட்டைப் போகும் என்று கேட்பார்கள். சும்மா வந்த பயமில்லை அது. அதனால் நான் ஒருநாளும் அவர்களோடு வாதாடவில்லை.

சரி, இனி எங்கள் ஊர் வாசிகசாலையைப் பார்த்துக்கொள்ளும் ஐயாவுக்கு வருகிறேன்.

கூட்டம் வைக்க இடமில்லாமல் நாங்கள் அலைந்தோம். ஒரு வீட்டில் கூடினால் அந்த வீட்டுக்குப் பிரச்சினை. கோயில் மண்டபத்தைக் கேட்டோம், திருவிழா வருகிறது என்றார்கள். (திருவிழா உண்மையாகவே வந்தது, குறை சொல்ல முடியாது.) ரியூசன் கொட்டிலில் கொஞ்ச நாள் இருந்தோம், பிறகு பிள்ளைகளுக்குச் சோதனை தொடங்கிவிட்டது. கடைசியாகத்தான் வாசிகசாலையை நினைத்தோம். கடைசியாக நினைத்ததற்குக் காரணமே ஐயாதான். பேப்பரில் கிரிக்கெட் படம் வெட்டிய பெடியனை மாதக்கணக்கில் உள்ளே விடாதவர் அவர். யாராவது கதைத்தால் கண்ணாடிக்கு மேலால் ஒரு பார்வை பார்ப்பார், அவ்வளவுதான். உள்ளே வருகிறவர் அவருடைய சொந்த மருமகனாக இருந்தாலும், மேசையில் கிடக்கும் கொப்பியில் பெயர், விலாசம், நேரம் எழுதிக் கையெழுத்து வைக்காமல் உதயன் பேப்பரைத் தொட முடியாது.

முதல்நாள் அந்தக் கொப்பியைக் கண்டதும் எங்களோடு வந்த இரண்டு பிள்ளைகள் வாசற்படியோடு நின்றுவிட்டார்கள். நானும் என்ன சொல்வதென்று தெரியாமல் நின்றேன். ஐயா அவர்களைப் பார்த்தார், கொப்பியைப் பார்த்தார். பிறகு அதை மூடி, லாச்சிக்குள் வைத்து, திறப்பால் பூட்டினார்.

"இது வாசிக்க வாறவைக்கு," என்றார். வேறொன்றும் சொல்லவில்லை.

அதற்குப் பிறகு நாங்கள் கூடிய ஒவ்வொரு பின்னேரமும் ஒரு கதிரையை விறாந்தையில் போட்டு, கடைசிப் பிள்ளை போகும்வரை இருந்தார். கையில் காலையில் வந்த அதே பேப்பர். மரண அறிவித்தல் வரைக்கும் அவர் எப்போதோ வாசித்து முடித்திருப்பார், இருந்தாலும் பக்கம் பக்கமாகத் திருப்பிக்கொண்டிருந்தார். பெட்டைகள் இரவில் கூடுகிறார்கள் என்று ஊரில் கதை கிளம்பியபோது ஒரு தகப்பன் கோபத்தோடு சைக்கிளில் வந்தார். விறாந்தையில் ஐயா இருப்பதைக் கண்டதும் இறங்கினார். பிறகு பார்த்தால் இரண்டு பேரும் வெங்காய விலையைப் பற்றிக் கதைத்துக்கொண்டிருக்கிறார்கள். மகளை அடுத்த கூட்டத்துக்குக் கொண்டுவந்து இறக்கியதும் அதே தகப்பன்தான்.

இன்னொரு நாள் மோட்டார் சைக்கிளில் ஒருவர் வந்தார். தொப்பியைக்கூடக் கழற்றவில்லை. "உள்ளுக்கை ஆர் ஆர் நிக்கினம்?" என்று கேட்டார். எங்களுக்கு மூச்சு நின்றுவிட்டது. ஐயா ஆறுதலாக எழும்பி, லாச்சியைத் திறந்து, கொப்பியை எடுத்து, பேனையையும் மேலே வைத்து நீட்டினார்.

"தம்பி, முதல் உம்மடை பேர், விலாசம், அடையாள அட்டை நம்பர் எழுதும். பிறகு உள்ளுக்கை போம்."

அடையாள அட்டை இலக்கம் அந்தக் கொப்பியில் ஒருநாளும் யாரும் எழுதியதில்லை. வந்தவர் பேனையைப் பார்த்தார், தனக்கு அழைப்பு வருகிறது என்றார், போய்விட்டார். ஐயா கொப்பியைத் திரும்பப் பூட்டி வைத்துவிட்டு எங்கள் பக்கம் திரும்பி, "மெதுவாய்க் கதையுங்கோ பிள்ளையள், இது வாசிகசாலை," என்றார். வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தோம். அன்றைக்குத்தான் பல பேருக்குப் பயம் விட்டது என்று நினைக்கிறேன்.

காங்கேசன்துறைச் சீமெந்துத் தொழிற்சாலை 1990 இல் மூடப்படும்வரை ஐயா அங்கே வேலை செய்தவர் என்பது எங்களுக்குப் பிறகுதான் தெரியும். அவராகச் சொல்லவில்லை. எங்களுக்கு அவர் தந்த ஒரே புத்திமதி, சந்தாக் கணக்கை ஒழுங்காக எழுதி எல்லோருக்கும் காட்டுங்கோ என்பதுதான். எங்களை ஆதரிப்பதாக ஒரு வார்த்தை சொன்னதில்லை. நாங்களும் கேட்கவில்லை.

வாக்கெடுப்பு அன்று சாப்பாட்டு மண்டப வாசலில், முதல்நாள் படியோடு நின்ற அதே பிள்ளை என்னிடம் கேட்டாள், "அக்கா, உள்ளுக்கை பேர் எழுதவேணுமோ?" இடாப்பில் பெயரைப் பார்த்து அடையாளம் போடுவார்கள், வாக்குச்சீட்டில் பெயர் இராது என்றேன். தலையாட்டிவிட்டு எனக்கு முன்னால் போய்விட்டாள்.

மற்றவர்களை ஒரே மூச்சில் சொல்வதற்கு மன்னிக்க வேண்டும். ஒருபக்கமும் சாயாமல் வேலையைச் செய்த தொழில் திணைக்கள உத்தியோகத்தர்களுக்கு, இரவு பஸ்ஸில் வந்து, அரைகுறைத் தமிழில் எங்களைச் சிரிக்க வைத்து, 2011 இல் கட்டுநாயக்கவில் பொலிஸ் சுட்டு இறந்த ரொஷேன் சானக்கவின் கதையையும் சொல்லிவிட்டுப் போன சிங்கள அக்காமாருக்கு, துண்டுப் பிரசுரத்தில் எழுத்துப் பிழை திருத்தி, அதற்குள் எங்களுக்கு இலக்கணமும் படிப்பித்த ரீச்சருக்கு, போட்டோக் கொப்பிக் காசைக் கொப்பியில் எழுதி இன்னும் கேட்காத கடைக்காரத் தம்பிக்கு, காலையில் அரைமணி நேரம் முந்தி வந்த மினிபஸ் அண்ணனுக்கு, எல்லோருக்கும் முதல் வரிசையில் போய் நின்ற கட்டிங் பகுதி ஆண்களுக்கு, பேரப்பிள்ளைகளைப் பார்த்துக்கொண்ட மாமிமாருக்கு, முணுமுணுத்துக்கொண்டு பார்த்தவர்கள் உட்பட, எல்லோருக்கும் நன்றி. ஒருவருடைய பெயரையும் எழுதவில்லை. ஏன் என்று உங்களுக்கு விளங்கும்.

இல்லை என்று வாக்குப் போட்டவர்களுக்கும் ஒரு வார்த்தை. நீங்கள் யார் என்று எங்களுக்குத் தெரியாது, தேடப் போவதும் இல்லை. வரப்போகிற ஒப்பந்தம் உங்களுக்கும் சேர்த்துத்தான்.

ஒப்பந்தம் வருவதற்கு இன்னும் தூரம் இருக்கிறது. இப்போது கிடைத்தது மேசைக்கு முன்னால் ஒரு கதிரை, அவ்வளவுதான். பேச வேண்டும், எழுத வேண்டும், கையெழுத்தாகி அது வர்த்தமானியில் வரவேண்டும். அதுவரைக்கும் சந்தாக் கணக்கு ஒவ்வொரு கூட்டத்திலும் உரக்க வாசிக்கப்படும். ஐயாவுக்குக் கொடுத்த வாக்கு அது.

வாசிகசாலைக்கு ஒரு வருடப் பேப்பர் காசைச் சங்கம் கட்டுகிறோம் என்று போய்ச் சொன்னோம். வேண்டாம் என்றார். பேப்பர் மேசையின் கால் ஆடுகிறது, பின்பக்கச் சுவர் பாசி பிடித்துக் கிடக்கிறது, ஆள் தர முடியுமா என்று கேட்டார். தச்சு வேலை தெரிந்த ஒருவரைப் பிடித்தாயிற்று. வருகிற ஞாயிறு காலை ஏழு மணிக்கு, வரக்கூடியவர்கள் எல்லோரும் வாளியும் தும்புத்தடியும் கொண்டு வாருங்கள். சுண்ணாம்பு நாங்கள் வாங்குகிறோம், மத்தியானச் சாப்பாடும் உண்டு.

அன்புடன்,
உங்களில் ஒருத்தி