ஒரு வரி போடுங்கள், போதும்

மதிப்பிற்குரிய நாடகப் பிரிவுப் பொறுப்பாளர்களுக்கு,

வணக்கம். உங்கள் தொலைக்காட்சியில் இப்போது முடிந்த, கொரியத் தொடர் ஒன்றின் நகல் என்று பலரும் சொல்லும் அந்தக் காதல் தொடரைப் பற்றித்தான் எழுதுகிறேன்; எது என்று உங்களுக்கே தெரியும். கடைசி அத்தியாயம் முடிந்த இரவிலிருந்து உங்கள் முகநூல் பக்கத்தில் நடக்கும் சண்டையை நீங்களும் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறீர்கள். பாதிக் கருத்துகள் காணாமல் போயிருப்பதே அதற்குச் சாட்சி. எங்கள் வீட்டிலேயே இரண்டு கட்சி. "கொரியத் தொடரை அப்படியே சுட்டுட்டாங்க" என்று தங்கை. "நம்ம ஆளுங்க ஏதோ நல்லா செஞ்சா பொறுக்காதே" என்று சித்தப்பா. இயக்குநர் நேரலையில் வந்து, "அது அந்தத் தொடருக்கு நான் செய்த மரியாதை" என்றதும் சண்டை இன்னும் முற்றிவிட்டது.

சரி, மரியாதை என்றே வைத்துக்கொள்வோம். மாலை போடுகிறவர் யாருக்குப் போடுகிறோம் என்று பெயரைச் சொல்லித்தானே போடுவார்? தொடரில் பணியாற்றியவர்கள் பெயர் போடும்போது நிறுத்தி நிறுத்திப் பார்த்தேன். சாப்பாடு கொண்டுவந்தவர் பெயர் இருக்கிறது. வேன் ஓட்டியவர் பெயர் இருக்கிறது. கதை என்ற இடத்தில் மட்டும் உங்கள் ஆள் ஒருவரின் பெயர்.

கதைக்கருவை யாரும் சொந்தம் கொண்டாட முடியாது என்பது எனக்கும் தெரியும். நம் மலேசியாவின் 1987 பதிப்புரிமைச் சட்டமே வெறும் கருத்துக்குக் காப்பு தருவதில்லை. பணக்கார வீட்டுப் பையன், ஏழைப் பெண், நடுவில் ஒரு மாமியார்: இது எவர் அப்பன் வீட்டுச் சொத்தும் இல்லை. இந்திய உச்ச நீதிமன்றமும் 1978இல் ஆர்.ஜி. ஆனந்த் வழக்கில் இதைத்தான் சொன்னது. வழக்குப் போட்ட நாடக ஆசிரியர் தோற்றுப்போனார். ஆனால் அதே தீர்ப்பு ஓர் அளவுகோலையும் கொடுத்தது: இரண்டையும் பார்த்த ரசிகருக்கு, பின்னால் வந்தது முன்னதன் நகல்தான் என்று சந்தேகமில்லாமல் தோன்றுகிறதா? இந்தியத் தீர்ப்பு இங்கே உங்களைக் கட்டுப்படுத்தாது. ஆனால் எங்களுக்கு அப்படித் தோன்றிவிட்டதே, அதற்கு என்ன செய்ய?

தோன்றாமல் எப்படி இருக்கும்? அந்தக் கொரியத் தொடரில் காதலர்கள், முதல் பனி விழும் நாளில் சந்திப்போம் என்று சொல்லிப் பிரிகிறார்கள். அது வருடத்துக்கு ஒரு முறை வருகிற நாள். நீங்கள் அதை 'முதல் மழை' ஆக்கிவிட்டீர்கள். கோலாலம்பூரில்! சாயங்காலம் இடி இடித்துக் கொட்டாத வாரம் இந்த ஊரில் உண்டா? அந்தப் பெண் எட்டு மாதம் காத்திருந்தாள் என்று வசனம் வேறு. மஸ்ஜித் ஜாமெக் ரயில் நிலைய வாசலில், வியர்த்து வழிய, கழுத்தில் கம்பளிச் சால்வையோடு அவளை நிற்க வைத்தீர்களே, சட்டம் படித்த யாரும் தேவையில்லை, அந்தச் சால்வையே சொல்லிவிடுகிறது.

சிரித்துவிட்டுப் போயிருப்பேன். ஆனால் எங்கள் செந்தூல் அடுக்குமாடியில் ஒரு தம்பி இருக்கிறான். பகலில் மோட்டாரில் சாப்பாடு டெலிவரி, இரவில் திரைக்கதை. தோட்டத்திலிருந்து நகரத்துக்கு வந்த பாட்டி, லிஃப்ட் பழுதாகிப் பதினோராம் மாடியிலேயே மாட்டிக்கொள்ளும் கதை ஒன்று எழுதினான். படித்துவிட்டு எனக்குத் தூக்கமே வரவில்லை. உங்களிடம் கொடுத்தான், "நம்ம ஊர்க் கதை எடுபடாது" என்று பதில் வந்தது. போகட்டும். இந்தத் தொடர் ஓடியபோது, இரண்டு தொடர்களின் காட்சிகளையும் பக்கத்தில் பக்கத்தில் ஒட்டி உங்கள் முகநூல் பக்கத்தில் போட்டான். கெட்ட வார்த்தை ஒன்றுகூட இல்லை. அன்றிரவே அவனைத் தடுத்துவிட்டீர்கள். அப்புறம் தெரிந்த தயாரிப்பு மேலாளர் ஒருவர் கூப்பிட்டு, "இனிமே உன் பேர்ல எதுவும் உள்ள போகாதுடா" என்றாராம். அடுத்த கதையை அக்கா பெயரில் அனுப்பலாமா என்று இப்போது என்னிடம் கேட்கிறான். சொந்தமாக எழுதுகிறவன் பெயரை ஒளிக்க வேண்டும், எடுத்துப் போட்டவர் பெயர் திரை நிறைய வரும். நல்ல நியாயம்.

நாங்கள் கேட்பது ஒரு வரி. 'இன்ன தொடரைத் தழுவியது' என்று ஆரம்பத்தில் போடுங்கள். உரிமை வாங்கியிருந்தால் அதையும் சொல்லுங்கள். வாங்கவில்லை என்றால் இப்போதாவது வாங்குங்கள். பெயரைச் சொன்னால் யாரும் பார்க்க மாட்டார்கள் என்ற பயம் வேண்டாம். தமிழ்த் தொடர் 'பாக்கியலட்சுமி' வங்காளத் தொடர் 'ஸ்ரீமொயீ'யின் மறு ஆக்கம்தான். அது தெரிந்த பிறகு எங்கள் அம்மா ஒரு நாளாவது பார்க்காமல் விட்டாரா?

எழுதுகிற கையோடு இதையும் கேட்டுவிடுகிறேன். சிலாங்கூரில் காப்பார் என்ற ஊரில் பிறந்து வளர்ந்ததாகத் தொடரில் சொல்லப்படும் பெண் ஏன் மயிலாப்பூர் மாமி மாதிரி பேசுகிறாள்? ஆஸ்பத்திரிக் கட்டிலில் மயங்கிக் கிடக்கிறவளுக்கு உதட்டுச் சாயம் எதற்கு? மாதாமாதம் சந்தா கட்டி நாங்கள்... சரி, அது வேறு மடல். மன்னிக்கவும்.

மறுஒளிபரப்பு வரப்போவதாக விளம்பரம் பார்த்தேன். அதற்குள் அந்த ஒரு வரியைச் சேர்த்துவிடுங்கள். அந்தத் தம்பி மீது போட்ட தடையையும் எடுத்துவிடுங்கள். தயவுசெய்து.

இப்படிக்கு,
செந்தூலிலிருந்து ஒரு சந்தாதாரர்