சுத்தியலைக் கொஞ்சம் கீழே வைப்போமா? ஓய்வுநாள் பள்ளிப் பாடக் குழுவுக்கு ஒரு திறந்த மடல்

கிறிஸ்துவுக்குள் அன்பான பாடக் குழுவினருக்கு, ஸ்தோத்திரம்.

அக்டோபர் 31 நெருங்குகிறது. சீர்திருத்தத் திருநாளுக்கு இந்த வருடமும் அதே நாடகம்தான் என்று சொல்லிவிட்டீர்கள்: ஜெர்மன் துறவியும் பேராசிரியருமான மார்ட்டின் லூத்தர் 1517இல் தன் கருத்துகளை ஆலயக் கதவில் ஆணியடிக்கிற காட்சி. அட்டைக் கதவு, மரச் சுத்தியல், கறுப்பு அங்கி மாட்டிய ஒரு பையன். டக் டக்கென்று நாலு அடி அடித்துவிட்டு, "இதோ நிற்கிறேன்!" என்று கையை உயர்த்துவான். பெற்றோர் கைதட்டுவார்கள். அப்புறம் கேக், டீ. பன்னிரண்டு வருடமாக அந்த அங்கியைத் தைத்துக் கொடுப்பவள் நான். அந்த உரிமையில் எழுதுகிறேன்.

போன வருடம் ஒரு சின்னப் பெண் கேட்டாள்: "டீச்சர், கோயில் கதவுல ஆணி அடிச்சா யாரும் திட்டலையா?" திட்டியிருக்க மாட்டார்கள் என்றேன். ஜெர்மனியில் லூத்தர் இருந்த விட்டன்பெர்க் நகரத்துக் கோட்டை ஆலயத்தின் கதவு, பல்கலைக்கழகத்துக்கு நோட்டீஸ் போர்டு மாதிரி. விவாதத்துக்கு அழைப்பவர் தன் கருத்துகளை அங்கே ஒட்டுவது வழக்கம். அவளுக்குக் கொஞ்சம் ஏமாற்றம்தான்.

வீட்டுக்கு வந்த பிறகு எனக்கே ஒரு நெருடல். அந்த ஆணியைப் பற்றி லூத்தர் தன் எழுத்தில் எங்கும் சொல்லவில்லை. லூத்தர் இறந்த 1546இல் அதை எழுதியவர் அவருடைய நண்பர் மெலாங்க்தன். மெலாங்க்தன் விட்டன்பெர்க்குக்கு வந்ததே அடுத்த வருடம், 1518இல்தான். லூத்தரின் உதவியாளர் ரோரரின் குறிப்பொன்றும் உண்டு, அவரும் நேரில் பார்த்தவர் அல்ல. எர்வின் இசர்லோ என்ற கத்தோலிக்க வரலாற்றாசிரியர் 1961இல் இதைக் கிளறிவிட்டார், இன்றுவரை அறிஞர்கள் மல்லுக்கட்டுகிறார்கள். கதவில் ஒட்டியும் இருக்கலாம். ஆனால் சந்தேகமே இல்லாத ஒன்று இருக்க, நாம் ஏன் ஆணியைப் பிடித்துத் தொங்குகிறோம்?

அன்றைக்கு, அதாவது 1517 அக்டோபர் 31ஆம் தேதி, லூத்தர் ஒரு கடிதம் எழுதினார். அந்தக் கடிதம் இன்றும் ஸ்டாக்ஹோமில் பத்திரமாக இருக்கிறது. எழுதப்பட்டது மைன்ஸ் பேராயர் ஆல்பிரெக்டுக்கு. மனிதரில் கசடான நான் உங்களுக்கு எழுதத் துணிந்தேனே என்று நடுங்கிக்கொண்டுதான் தொடங்குகிறார். விஷயம் பாவமன்னிப்புச் சீட்டு, அதாவது காசு கொடுத்து வாங்கினால் பாவத்துக்கான தண்டனை குறையும் என்று சபை விற்ற சீட்டு. டெட்செல் என்ற துறவி ஊர் ஊராக அதை விற்றுக்கொண்டிருந்தார். சாக்சனிக்குள் வர அவருக்கு அனுமதி இல்லை. அதனால் விட்டன்பெர்க் ஜனங்கள் எல்லை தாண்டி யூட்டர்போக் வரை நடந்துபோய் வாங்கி வந்தார்கள். அதைப் பார்த்துப் பதறிய பேராசிரியர் மேலிடத்துக்குப் புகார் எழுதுகிறார்.

லூத்தருக்குத் தெரியாத ஒன்று உண்டு. ஆல்பிரெக்ட் இளவயதிலேயே ஒன்றுக்கு மேற்பட்ட பதவிகளைச் சேர்த்துக்கொண்டவர். அதற்கு ரோமுக்குக் கட்ட வேண்டிய தொகையை ஆக்ஸ்பர்க் நகரத்து ஃபுக்கர் குடும்பத்திடம் கடன் வாங்கியிருந்தார். சீட்டு விற்ற பணத்தில் பாதி ரோமில் எழும்பிக்கொண்டிருந்த பேதுரு ஆலயத்துக்கு, மீதிப் பாதி அந்தக் கடனை அடைக்க. பால் குறைகிறதே என்று பூனையிடமே போய் முறையிட்ட கதை! ஆல்பிரெக்ட் லூத்தருக்குப் பதில் போடவில்லை, விஷயத்தை ரோமுக்குத் தள்ளிவிட்டார். இதைவிட நல்ல நாடகக் காட்சி வேறென்ன வேண்டும்?

பயந்தவராக அவரைக் காட்டினால் பிள்ளைகளுக்கு மரியாதை குறையும் என்று நீங்கள் நினைக்கலாம். எனக்கு அப்படித் தோன்றவில்லை. 1505 ஜூலையில், ஸ்டாட்டர்ன்ஹைம் கிராமத்துக்குப் பக்கத்தில் இடி விழுந்தபோது, "புனித அன்னாளே, காப்பாற்று, நான் துறவியாகிறேன்" என்று அலறியவர்தான் இவர். இரண்டே வாரத்தில் மடத்தில் சேர்ந்தும்விட்டார். சுரங்கத் தொழிலில் இருந்த அப்பாவுக்குக் கோபமான கோபம், பையன் வக்கீலாக வேண்டும் என்பது அவர் கனவு. 1521இல் வோர்ம்ஸ் நகரில் பேரரசர் ஐந்தாம் சார்லஸ் முன்னால் "எழுதியதைத் திரும்பப் பெறுகிறாயா?" என்று கேட்டதும் லூத்தர் முழங்கவில்லை. யோசிக்க ஒரு நாள் அவகாசம் கேட்டார். மறுநாள்தான் மறுத்தார். நம் பையன் கத்துகிற "இதோ நிற்கிறேன்" அவையில் எடுத்த குறிப்புகளில் இல்லை, பிறகு விட்டன்பெர்க்கில் அச்சான பதிப்பில்தான் இருக்கிறது. ஒரு ராத்திரி முழுக்கத் தவித்துவிட்டு மறுநாள் "முடியாது" என்றவரைத்தான் நம் பிள்ளைகள் தெரிந்துகொள்ள வேண்டும். பரீட்சைக்கு முந்தின ராத்திரியாவது நினைத்துக்கொள்வார்கள்.

வோர்ம்ஸில் மறுத்த பிறகு வார்ட்புர்க் கோட்டையில் ஒளிந்திருந்தபோது சுமார் 11 வாரத்தில் புதிய ஏற்பாட்டை ஜெர்மன் மொழிக்குக் கொண்டுவந்ததை உங்கள் பாடம் நன்றாகவே சொல்கிறது. ஒரு வரி சேர்க்கலாம். வீட்டில் இருக்கும் தாயிடமும் தெருவில் விளையாடும் பிள்ளைகளிடமும் சந்தையில் நிற்கும் ஆளிடமும் கேட்டு, அவர்கள் பேசுகிற மாதிரி மொழிபெயர்க்க வேண்டும் என்று அவர் பிற்பாடு எழுதினார். 1706இல் தரங்கம்பாடியில் இறங்கிய ஜெர்மன் லுத்தரன் மிஷனரி சீகன்பால்கு தமிழைக் கற்று, 1715க்குள் தமிழ்ப் புதிய ஏற்பாட்டை அச்சில் கொண்டுவந்தது அந்த வழியில் வந்ததுதான். "புராட்டஸ்டண்ட்" என்ற பெயரை லூத்தர் வைத்ததாகப் போட்டிருப்பதை மட்டும் தயவுசெய்து எடுத்துவிடுங்கள். அது 1529இல் ஸ்பைர் நகரில் ஆறு பிரபுக்களும் 14 நகரங்களும் கொடுத்த எதிர்ப்பு மனுவிலிருந்து வந்தது. அவர் அந்த ஊரிலேயே இல்லை.

சரி, எழுதத் தயங்கியதற்கு வருகிறேன். நம் பாடப் புத்தகம் 1534இல் முழு வேதாகமம் வெளிவந்ததோடு நிற்கிறது, அங்கிருந்து ஒரே தாவலில் 1546 மரணம். 1525ஐயும் காணோம், 1543ஐயும் காணோம்.

1525இல் ஜெர்மன் விவசாயிகள் 12 கோரிக்கைகள் வைத்தார்கள். எங்கள் போதகரை நாங்களே தெரிந்தெடுக்க வேண்டும், கிறிஸ்து தம் இரத்தத்தால் எங்களை மீட்டிருக்க நாங்கள் ஏன் பண்ணையடிமைகளாக இருக்க வேண்டும் என்று கேட்டார்கள். யாரிடம் கற்ற பாடம் அது? லூத்தர் முதலில் இரு தரப்பையும் கண்டித்தார். கலவரம் முற்றியதும், அவர்களைக் குத்துங்கள், கொல்லுங்கள் என்று பிரபுக்களுக்கு எழுதினார். ஃபிராங்கன்ஹாவுசன் என்ற ஒரே இடத்தில் ஆயிரக்கணக்கானோர் மடிந்தார்கள். 1543இல் யூதர்களுக்கு எதிராக ஒரு நூல் எழுதினார். அவர்களுடைய ஜெப ஆலயங்களைக் கொளுத்தச் சொன்னார், வீடுகளை இடிக்கச் சொன்னார். 400 வருடம் கழித்து நாஜிகள் அதைத் தூசி தட்டி எடுத்துக்கொண்டார்கள். வெளிநாட்டு லுத்தரன் சபைகள் அந்த எழுத்தை வெளிப்படையாகவே நிராகரித்துவிட்டன. நாம் மட்டும் பக்கத்தைப் புரட்டிவிட்டுப் போகிறோம்.

பிள்ளைகளின் விசுவாசம் ஆடிப்போகும் என்று பயப்படுகிறீர்கள், புரிகிறது. ஆனால் "விசுவாசத்தினாலே நீதிமான் பிழைப்பான்" என்ற வசனத்தைப் பிடித்துக்கொண்டு கரையேறியவர் அவர். மனுஷன் ஒரே நேரத்தில் நீதிமானும் பாவியும் என்று போதித்தவர். அவரையே குற்றமற்ற பரிசுத்தவானாக்கி மேடையில் நிறுத்தினால், அவர் எதிர்த்ததைத்தானே அவருக்குச் செய்கிறோம்? மூத்த வகுப்புக்காவது முழுசாகச் சொல்வோம்.

சின்ன வகுப்புகள் சுத்தியலை வைத்துக்கொள்ளட்டும், அதுகளுக்கு அடிக்கப் பிடிக்கும். ஏழு, எட்டாம் வகுப்புக்கு மட்டும் கடிதக் காட்சி போடலாம். வசனம் எழுதி வைத்திருக்கிறேன், திருத்தித் தாருங்கள். ஒரு மேசை, ஒரு மெழுகுவர்த்தி, ஒரு இறகுப் பேனா போதும். லூத்தரின் மனைவி காத்தரீனாவுக்கும் ஒரு காட்சி உண்டு. மடத்திலிருந்து தப்பி வந்து, பீர் காய்ச்சி, ஆறு பிள்ளைகளையும் கணவரையும் கட்டி மேய்த்தவரை வெறும் "நல்ல மனைவி" என்று விட்டுவிட எனக்கு மனசில்லை. பீரை வேண்டுமானால் வெட்டிவிடுங்கள்.

அங்கி இந்த வருடமும் தைத்துத் தருகிறேன். ஆல்பிரெக்டுக்குச் சிவப்புத் துணி நாலு மீட்டர் எடுக்க வேண்டும். யார் நடிக்கிறார்கள் என்று இந்த ஞாயிறு ஆராதனை முடிந்ததும் சொல்லிவிட்டால் அளவெடுத்துவிடுவேன்.

இப்படிக்கு,
ஓய்வுநாள் பள்ளி ஆசிரியை ஒருத்தி