தாய்ப்பத்திரம் தொலைந்த விளையாட்டு

ஆசிரியருக்கு வணக்கம்.

சென்ற இதழில் பழைய கணினி விளையாட்டுகளைப் பற்றி வந்த கட்டுரையை ஒரே மூச்சில் படித்தேன். ‘நோ ஒன் லிவ்ஸ் ஃபாரெவர்’ என்ற உளவாளி கேமின் பெயரைத் தமிழ் இதழில் அச்சில் பார்ப்பேன் என்று நான் நினைத்ததே இல்லை. அதற்கே தனியாக நன்றி சொல்ல வேண்டும். ஆனால் கட்டுரையோரத்தில் கட்டம் போட்டு, ‘உரிமை: வார்னர் பிரதர்ஸ்’ என்று ஒரே வரியில் முடித்துவிட்டீர்கள். அந்த ஒரு வரிதான் என்னை எழுத உட்கார வைத்தது.

நான் வங்கியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். பாதிக் காலம் வீட்டுக்கடன் பிரிவில் போயிற்று. தாய்ப்பத்திரத்தில் தொடங்கி இன்றைய கிரயப்பத்திரம் வரை சொத்து கைமாறிய வழியை ஒவ்வொன்றாக டிக் அடித்துப் பார்ப்பது என் வேலை. இடையில் ஒரு லிங்க் டாகுமென்ட் விட்டுப்போயிருந்தால், கேட்பவர் எவ்வளவு பெரிய மனிதராக இருந்தாலும் கடன் கிடையாது. அந்தப் பழக்கத்தில் இந்த கேமின் பத்திரங்களையும் வரிசையாக அடுக்கிப் பார்த்தேன். நான் கையெழுத்துப் போடமாட்டேன்.

2000 நவம்பரில் கேம் வெளிவந்தது. உருவாக்கியது மோனோலித், வெளியிட்டது ஃபாக்ஸ் இன்டராக்டிவ். 2002இல் வந்த இரண்டாம் பாகத்தை விவெண்டி நிறுவனம் தன் சியரா பெயரில் வெளியிட்டது. மறு ஆண்டே ஃபாக்ஸ் இன்டராக்டிவையும் விவெண்டி வாங்கிக்கொண்டது. 2004இல் மோனோலித்தை வார்னர் வாங்கியது. 2008இல் விவெண்டியின் கேம் பிரிவு ஆக்டிவிஷனோடு இணைந்தது. ஆக, உருவாக்கியவரின் வாரிசு ஒருவர், வெளியிட்டவரின் வாரிசு இன்னொருவர், ஆரம்பத்தில் ஃபாக்ஸ் குடும்பத்துப் பெயரும் பத்திரத்தில் இருக்கிறது. நம்மூர்ப் பேச்சில் சொன்னால் பாகப்பிரிவினை ஆகாத கூட்டுப் பட்டா. எந்தப் பங்காளிக்கு எந்த மூலை என்று யாரும் அளந்து கல் நடவில்லை.

இது என் யூகம் மட்டும் இல்லை. அமெரிக்காவில் நைட் டைவ் என்ற சிறிய நிறுவனம் இந்த கேமை மறுபடி கொண்டுவரப் படாதபாடு பட்டது. அந்த நிறுவனம் பிறந்த கதையே சுவையானது. ஸ்டீபன் கிக் என்ற இளைஞர் பார்த்த வேலையை விட்டுவிட்டு மத்திய அமெரிக்காவில் ஊர் சுற்றிக்கொண்டிருந்தார். 2012இல் குவாத்தமாலாவில் தங்கியிருந்தபோது, கையிலிருந்த குட்டி மடிக்கணினியில் 1999இல் வந்த ‘சிஸ்டம் ஷாக் 2’ ஆட ஆசை. கேம் ஓடவில்லை. சரி, காசு கொடுத்தே வாங்கிக்கொள்வோம் என்று தேடினால் எந்த இணையக் கடையிலும் இல்லை. உரிமை யாரிடம் இருக்கிறது என்று தோண்டிப் பார்த்தால், ஒரு இன்ஷூரன்ஸ் கம்பெனியிடம்! கேமை உருவாக்கிய லுக்கிங் கிளாஸ் 2000இல் மூடப்பட்டபோது சொத்துகள் அங்கே போய்ச் சேர்ந்திருந்தன. கிக் அவர்களுக்கு எழுதினார், அவர்களும் பதில் போட்டார்கள். 2013 பிப்ரவரியில் சிஸ்டம் ஷாக் 2 மறுபடி விற்பனைக்கு வந்துவிட்டது.

இன்ஷூரன்ஸ் கம்பெனி என்றதும் எனக்குச் சிரிப்புத்தான் வந்தது. யோசித்துப் பார்த்தால் அவர் அதிர்ஷ்டமே அதில்தான். தங்களிடம் என்ன சொத்து இருக்கிறது என்று தெரிந்த ஒரே ஓர் உரிமையாளர், அவரிடம் ஒரே ஒரு கையெழுத்து. அவ்வளவுதான் தேவைப்பட்டது.

அந்தத் தெம்பில்தான் நைட் டைவ் அடுத்து நோ ஒன் லிவ்ஸ் ஃபாரெவரில் கை வைத்தது. கேமின் மூல நிரலே (சோர்ஸ் கோட்) அவர்கள் கைக்கு வந்துவிட்டது. 2014 மே மாதம் பெயருக்கு வணிகமுத்திரை (டிரேட்மார்க்) கேட்டு விண்ணப்பமும் போட்டார்கள். அப்புறம் தொடங்கியது அலைச்சல். தங்களிடம் ஏதோ உரிமை இருக்கலாம், ஆனால் ஒப்பந்தம் கணினிக்கு ஏறாத காலத்துக் காகிதம், எங்காவது ஒரு பெட்டியில் கிடக்கும் என்பதுதான் ஆக்டிவிஷன் பக்கத்துப் பதில் என்று கிக் பின்னர் பேட்டியில் சொன்னார். பெட்டியைத் தேட யாரும் தயாராக இல்லை. வார்னர் தரப்பிலிருந்து வணிகமுத்திரைக்கு எதிர்ப்பு வந்தது. நாங்கள் உங்களுக்குப் பங்கு தருகிறோம், சேர்ந்தே வெளியிடுவோம் என்று இவர்கள் கேட்டுப் பார்த்தார்கள். தாமாக வெளியிடுவதிலும் அக்கறை இல்லை, கூட்டுச் சேர்வதிலும் அக்கறை இல்லை என்று வார்னர் சொல்லிவிட்டது. 2015 தொடக்கத்தில் நைட் டைவ் கையை விரித்தது.

இதனால்தான், ‘லாபத்துக்காகப் பழைய கேம்களைப் பதுக்கி வைத்திருக்கிறார்கள்’ என்று கட்டுரையாளர் எழுதியதை என்னால் ஒத்துக்கொள்ள முடியவில்லை. பதுக்குகிறவன் என்றைக்காவது விற்பான். இங்கே விற்கும் எண்ணமே யாருக்கும் இல்லை. பெட்டியைத் திறந்து தேட வக்கீலுக்குக் கொடுக்கும் சம்பளம், இருபது வருஷத்துக்கு முந்தைய கேம் விற்று வரும் காசைவிட அதிகம். அதனால் தேடமாட்டார்கள். ஆனால் வேறொருவர் வெளியிட்டால் நோட்டீஸ் அனுப்புவதற்கு ஒரு தாளும் தபால் தலையும் போதும். இந்தக் கணக்கு இப்படியே இருக்கும்வரை எந்தப் பெட்டியும் திறக்காது.

நிலத்துக்கு வில்லங்கச் சான்று இருக்கிறது. சார்பதிவாளர் அலுவலகத்தில் மனுப்போட்டால் முப்பது வருஷத்து வரலாறு வந்துவிடும். கேமுக்கு அப்படி ஒரு இடம் இல்லை. கம்பெனிகள் தங்களுக்குள் போட்டுக்கொண்ட ஒப்பந்தங்களை எங்கும் பதிவு செய்தே ஆகவேண்டும் என்ற கட்டாயம் அமெரிக்காவிலும் கிடையாது. போதாக்குறைக்கு, ஒரு கேம் என்பது ஒரே சொத்தும் அல்ல. நிரல் ஒருவருடையது, பெயர் ஒருவருடையது, உள்ளே ஒலிக்கும் பாட்டு இன்னொருவருடையது. நம் பிள்ளைகள் பலர் ஆடித் தீர்த்த ஜிடிஏ வரிசையில் நான்காவதை எடுத்துக்கொள்ளுங்கள். 2008இல் வந்த கேம். பத்து வருஷ உரிமம் முடிந்ததும், 2018 ஏப்ரலில் கேமுக்குள் ஒலிக்கும் வானொலியிலிருந்து ஏகப்பட்ட பாடல்களை எடுத்துவிட்டார்கள். உரிமையாளர் யார் என்பதில் சந்தேகமே இல்லாத, கோடிக்கணக்கில் விற்ற கேமுக்கே அந்தக் கதி. ‘ஆலன் வேக்’ என்ற கேம் பாட்டு உரிமத்தாலேயே 2017 மே மாதம் கடையிலிருந்து இறங்கி, மறு ஆண்டு அக்டோபரில்தான் திரும்பியது.

கட்டுரையின் கடைசியில், ‘பழசுதானே, இறக்கிக்கொள்ளுங்கள், யாரும் கேட்கமாட்டார்கள்’ என்ற தொனியில் ஒரு யோசனை இருந்தது. ரசிகர்கள் சிலர் இந்த கேமை இன்றைய விண்டோஸில் ஓடும்படி சரிசெய்து இலவசமாகவே வைத்திருக்கிறார்கள் என்பது உண்மைதான். அவர்கள் உழைப்பின்மேல் எனக்கு மரியாதை உண்டு. ஆனாலும் ‘அபாண்டன்வேர்’ (உரிமையாளர் கைவிட்ட மென்பொருள்) என்று சட்டத்தில் ஒன்றும் இல்லை. வணிகமுத்திரையாவது மூன்று வருஷம் தொடர்ந்து பயன்படுத்தாவிட்டால் கைவிட்டதாகவே அமெரிக்கச் சட்டம் எடுத்துக்கொள்ளும். பதிப்புரிமை அப்படி இல்லை. நிறுவனத்துக்காக உருவாக்கிய படைப்பு என்றால் வெளியான ஆண்டிலிருந்து 95 வருஷம். கணக்குப் போட்டால் இந்த கேம் பொதுச்சொத்தாவது 2096 ஜனவரி 1 அன்று. (கட்டுரை முழுக்கக் ‘காப்புரிமை’ என்றே இருக்கிறது. பேட்டன்ட்டுக்கும் அதே சொல்லை வைத்துக்கொண்டு குழம்புகிறோம். இங்கே ‘பதிப்புரிமை’ என்று போட்டால் நல்லது.)

வழியே இல்லையா என்றால், பாதி வழி நம் சட்டத்திலேயே இருக்கிறது. 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தில் 31ஏ என்றொரு பிரிவு. உரிமையாளரைக் கண்டுபிடிக்க முடியாத படைப்பை வெளியிட நினைப்பவர் நாளிதழில் அறிவிப்புக் கொடுத்துவிட்டு உரிமம் கேட்கலாம். உரிமம் வழங்குபவர் தீர்மானிக்கிற ராயல்டியை அரசின் பொதுக் கணக்கிலோ அவர் சொல்லும் வேறு கணக்கிலோ கட்டிவிட வேண்டும். உரிமையாளர் பின்னால் வந்து நின்றால் அந்தப் பணம் அவருக்கு. கனடாவிலும் ஏறக்குறைய இப்படி ஒரு ஏற்பாடு உண்டு. யாரும் ஏமாறாத நல்ல ஏற்பாடுதான். சிக்கல் என்னவென்றால், ‘கண்டுபிடிக்க முடியாத’ என்ற சொல். வார்னரையும் ஆக்டிவிஷனையும் கண்டுபிடிக்க முடியவில்லை என்று யார் சொல்ல முடியும்? முகவரி தெரியும், போன் நம்பர் தெரியும், பத்திரம் மட்டும்தான் தெரியாது. காணாமல்போன உரிமையாளருக்குச் சட்டம் இருக்கிறது. இருந்துகொண்டே ‘எனக்கே தெரியாது’ என்பவருக்கு இல்லை.

எனக்குத் தோன்றுவது இது. கேட்டவருக்கு ஆறு மாதத்துக்குள் உரிமையாளர் என்பவர் காகிதத்தைக் காட்ட வேண்டும். காட்ட முடியாவிட்டால் ராயல்டியைப் பொதுக் கணக்கில் கட்டிவிட்டு வெளியிட வழிவிட வேண்டும். காகிதம் பிறகு கிடைத்தால் பணம் அங்கேயே இருக்கும், எடுத்துக்கொள்ளட்டும். இது அதிகப்பிரசங்கித்தனமாகத் தெரியலாம். ஆனால் 2023இல் வீடியோ கேம் ஹிஸ்டரி ஃபவுண்டேஷன் என்ற அமைப்பு செய்த ஆய்வில், 2010க்கு முன் அமெரிக்காவில் வெளியான கேம்களில் 87 சதவீதம் இன்று கடையில் கிடைக்காது என்று வந்தது. நூலகங்களாவது ஆய்வாளர்களுக்குத் தொலைவிலிருந்து ஆடிப்பார்க்கக் கொடுக்கட்டும் என்று கேட்டதற்கும், 2024 அக்டோபரில் அமெரிக்கப் பதிப்புரிமை அலுவலகம் முடியாது என்றுவிட்டது.

உங்கள் கட்டுரைக்குப் பிறகு நடந்ததுபோல நினைத்துக்கொள்ள வேண்டாம், பங்காளிகள் பட்டியல் ஏற்கெனவே இன்னும் நீண்டுவிட்டது. 2023 அக்டோபரில் ஆக்டிவிஷனை மைக்ரோசாஃப்ட் வாங்கியது. 2025 பிப்ரவரியில் மோனோலித்தையே வார்னர் இழுத்து மூடிவிட்டது. அந்த கேமில் எதிரிக் காவலாளிகளைச் சுடாமல் சுவரோரம் ஒளிந்து நின்றால், அவர்கள் ஊர்க்கதை பேசுவதை ஒட்டுக்கேட்டுக்கொண்டே இருக்கலாம். நான் வேலை முடிந்து வந்து அதற்காகவே ஆடியிருக்கிறேன். அதை எழுதியவர்களும் செய்தவர்களும் இன்று எங்கெங்கோ.

அடுத்த இதழில் திருத்தம் போடுவதாக இருந்தால், அந்தக் கட்டத்தில் ‘உரிமை: தெரியவில்லை, கேட்டால் நோட்டீஸ் வரும்’ என்று போடுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் நெடுநாள் வாசகன்,
பாளையங்கோட்டை