ஆர்மர் கணக்கு: மகனுக்கு ஒரு கடிதம்

அன்பு மகனுக்கு,

அட்டாக்கைப் பத்து சதவீதம் கூட்டும் வாளை மாட்டினால் ஒரு கேமில் டேமேஜ் ஒன்றரை மடங்காகிறது, இன்னொன்றில் வெறும் பத்து சதவீதம்தான் ஏறுகிறது, எது பிழை என்று கேட்டிருந்தாய். இரண்டும் சரிதான். உள்ளே ஓடும் சூத்திரம் வேறு.

முதலாவது கழித்தல் கணக்கு. உன் அட்டாக் 100, எதிரியின் டிஃபென்ஸ் 80 என்றால் 20 விழும். அட்டாக் 110 ஆனால் 30. ஒன்றரை மடங்கு அப்படித்தான் வந்தது. டிஃபென்ஸ் 105 உள்ள எதிரியிடம் அதே 100 எடுபடாது. பல கேம்களில் ஒப்புக்கு 1 என்று காட்டும். இவ்வகைக் கேமில் வேகமான சின்னக் கத்தியை எடுக்காதே. டிஃபென்ஸ் 80 உள்ள எதிரியிடம் ஒவ்வொரு அடிக்கும் 80 கழியும் என்பதால் 60 வீதம் இரண்டு அடி அடித்தாலும் கணக்கில் எதுவும் மிஞ்சாது. 120 உள்ள கோடரி ஒரே அடியில் 40 எடுக்கும்.

இரண்டாவது விகிதக் கணக்கு. இதில்தான் நிறையப் பேர் தடுமாறுகிறார்கள். தொடக்க கால வேர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்ட் என்ற ஆன்லைன் கேமை எடுத்துக்கொள். ஆர்மரை (உடுத்திய கவசத்தின் எண்), ஆர்மரோடு 400-ஐயும் அடிப்பவர் லெவலின் 85 மடங்கையும் கூட்டி வரும் எண்ணால் வகுப்பார்கள். வருவது எத்தனை பங்கு டேமேஜ் தடுக்கப்படும் என்பது. அடிப்பவர் லெவல் 60 என்றால் அந்தக் கூட்டில் ஆர்மர் போக மீதி 5500. ஆக, 5500 ஆர்மருக்கு 50 சதவீதம் தடுக்கும், 11000-க்கு 66.7, 16500-க்கு 75. அதற்கு மேல் உச்சவரம்பு, ஒரு புள்ளியும் ஏறாது.

50, 66.7, 75 என்று பார்த்ததும் ஆர்மர் போடப் போடப் பலன் குறைகிறது என்று முடிவுகட்டிவிடாதே. உன் எச்பி (உயிர்ப் புள்ளி) 3000 என்று வை. உன்னைச் சாய்க்க எதிரி எவ்வளவு அடிக்க வேண்டும்? 5500 ஆர்மரில் 6000, 11000-இல் 9000, 16500-இல் 12000. ஒவ்வொரு 5500-க்கும் சரியாக 3000 கூடுகிறது. திரையில் தெரியும் சதவீதத்தை விட்டுவிட்டு இந்த எண்ணையே பார். ஆனால் மந்திரத் தாக்குதலை இந்த ஆர்மர் தடுக்காது, அதற்கு ரெசிஸ்டன்ஸ் தனி. ஆர்மரைக் குவித்தும் நெருப்புப் பந்தில் சாகிறவர்கள் இங்கேதான் கோட்டை விடுகிறார்கள்.

அட்டாக் பக்கம் வா. ஒரே வகை போனஸ்கள் பெரும்பாலும் ஒன்றோடொன்று கூடும், வேறு வகைகள் பெருக்கும். 20 சதவீதமும் 30 சதவீதமும் கூடினால் 1.5 மடங்கு, பெருக்கினால் 1.56. இது சின்ன வித்தியாசம்தான். ஏற்கெனவே 150 சதவீத அட்டாக் போனஸ் வைத்திருப்பவன் அதே வகையில் இன்னொரு 20 சேர்த்தால் 2.5 என்பது 2.7 ஆகும், உண்மையில் கிடைப்பது 8 சதவீதம். அந்த இடத்துக்கு வேறு வகை போனஸ் மேல்.

கிரிட்டும், அதாவது சில சமயம் விழும் பலத்த அடியும், இப்படித்தான். கிரிட் வாய்ப்பு 40 சதவீதம், கிரிட் கூடுதல் டேமேஜ் 100 சதவீதம் என்றால் சராசரி 1.4 மடங்கு. வாய்ப்பு 60, கூடுதல் 80 என்றால் 1.48. வாய்ப்பு 100-ஐத் தாண்டினால், தனி விதி இல்லாத கேமில் மிச்சம் வீண்.

உன் கேமில் எந்தச் சூத்திரம் என்று தெரியாவிட்டால் சோதித்துப் பார். பஃப் (தற்காலிகமாகப் பலம் கூட்டுவது) எல்லாம் தீர்ந்து போகட்டும். ஒரே லெவல், ஒரே வகை எதிரியை முப்பது தடவை சாதாரண அடி அடி, கிரிட் விழுந்ததை நீக்கிவிட்டுச் சராசரி எடு. பல கேம்களில் அடிக்கு அடி டேமேஜ் கொஞ்சம் ஏறி இறங்கும், அதனால் இரண்டு மூன்று அடியை நம்பாதே. பிறகு அட்டாக்கை மட்டும் 10 கூட்டி மறுபடி முப்பது. கழித்தல் கணக்கானால் டேமேஜும் கிட்டத்தட்ட 10 ஏறும். விகிதக் கணக்கானால் அட்டாக் ஏறிய சதவீதத்திலேயே ஏறும். ஸ்கில்லில் (சிறப்புத் தாக்குதலில்) சோதிக்காதே, அதன் பெருக்கல் எண் குழப்பிவிடும்.

இரண்டு சராசரியையும் அனுப்பு, உனக்கு ஷீல்டு நல்லதா மோதிரம் நல்லதா என்று அதன் பிறகு பார்க்கலாம்.

அம்மா