கோர்தோபாவில் துணை வந்த அம்மையாருக்கு நன்றி

ஸ்பெயினின் கோர்தோபா நகரில், மசூதிப் பேராலயத்தைச் சுற்றிப் பார்த்தபோது எங்களோடு நடந்த நரைமுடி அம்மையாருக்கு இந்த நன்றி. பெயரைக் கேட்பதற்குள் கூட்டத்தில் மறைந்துவிட்டார்.

ஆரஞ்சு மர முற்றத்தில் வெயில் தாங்காமல் தலைசுற்றி நின்ற என் தாயாருக்குத் தண்ணீர் கொடுத்து, கைத்தாங்கலாக நிழலில் உட்கார வைத்தவர் அவர். அதோடு போயிருக்கலாம், உள்ளேயும் கூடவே வந்தார். அங்கே 850க்கும் மேற்பட்ட தூண்கள். பலவும் பழைய ரோமானியக் கட்டடங்களிலிருந்தும், ரோமானியருக்குப் பின் ஸ்பெயினை ஆண்ட விசிகோத்து இனத்தாரின் கட்டடங்களிலிருந்தும் எடுக்கப்பட்டவை. அவற்றின் தலைப்பகுதிகள் வெவ்வேறாக இருப்பதை விரல் நீட்டிக் காட்டினார். தூண்கள் குட்டையாக இருந்ததால்தான் கூரையை உயர்த்த வளைவின்மேல் வளைவு வைத்தார்கள் என்பதை, இரு கைகளையும் ஒன்றன்மேல் ஒன்றாக வளைத்தே புரியவைத்தார். எத்தனை அழகான விளக்கம்! கோர்தோபாவை ஆண்ட முஸ்லிம் அரசர் முதலாம் அப்துல் ரகுமான் 8ஆம் நூற்றாண்டில் தொடங்கிய அந்த மசூதிக்கு நடுவே, 16ஆம் நூற்றாண்டில் பேராலயத்தை எழுப்பியதை என் மனம் ஏற்கவில்லை. ஆனால் அவர் அங்கே முழந்தாளிட்டு வணங்கியதைக் கண்டபின் நானும் அதை மரியாதையோடு பார்த்தேன்.

பிறகு குவாதல்கிவிர் ஆற்றின் ரோமானியப் பாலம் வரை, என் தாயாரின் மெதுவான நடைக்கு ஈடுகொடுத்து வந்தார்.

அம்மா, நீங்கள் நீண்ட நாள் நலமாக இருக்க வேண்டும். என் தாயார் தம் பிரார்த்தனையில் உங்களையும் சேர்த்துக்கொண்டிருக்கிறார்.