பல் கேட்கும் இழை

அன்புள்ள நண்பனுக்கு,

உன் கடிதம் வந்து பதினைந்து நாளாகிறது. உடனே பதில் எழுதத்தான் உட்கார்ந்தேன். நீ போகிற போக்கில் எழுதியிருந்த ஒரு வரி என்னைப் பிடித்துக்கொண்டது. மருத்துவர் சொல்லி இறைச்சியை நிறுத்தி எட்டு மாதமாகிறது, நாக்கு ஏறக்குறைய மறந்துவிட்டது, “பல்தான் இன்னும் மறக்கவில்லை” என்று எழுதியிருந்தாய். மூன்று வருடமாக நான் சமையலறையில் மல்லுக்கட்டிக்கொண்டிருப்பது அந்த ஒன்றோடுதான்.

முதலில் வீட்டுச் செய்தி. மகளுக்கு இரண்டாவது பிரசவம் நல்லபடியாக முடிந்தது, பெண் குழந்தை. என் மனைவி இப்போது கைப்பிடியைப் பிடிக்காமலே மாடி ஏறுகிறாள். எனக்குக் கண்புரை அறுவை சிகிச்சை ஆயிற்று. கட்டுப் பிரித்த மறுநாள் நான் முதலில் எடுத்துப் பார்த்தது எது தெரியுமா? சோயாவில் பூஞ்சை வளர்த்துச் செய்யும் டெம்பே கட்டி ஒன்றின் ஓரத்தை. அவித்த சோயா பருப்புகளுக்கு இடையே பஞ்சைவிட மெல்லிய வெள்ளை இழைகள் ஆயிரக்கணக்கில் ஓடிப் பின்னிக்கொண்டிருந்தன. அத்தனை நாளும் வெள்ளைப் பூச்சு என்று நினைத்திருந்தது, உண்மையில் நெசவு.

உன் பல்லுக்கு வருகிறேன். தசை என்பது நீளவாக்கில் அடுக்கிக் கட்டிய இழைகளின் கட்டு. கடித்தால் ஒரு பக்கம் பிரிந்து கொடுக்கும், மறு பக்கம் எதிர்த்து நிற்கும். நீ தேடுவது அந்த எதிர்ப்பைத்தான். பருப்பில் அது கிடையாது. செடி தன் பிள்ளைக்குக் கட்டுச்சோறாகத்தான் விதையில் புரதத்தைச் சேர்த்து வைக்கிறது. முளைவிடும்போது உடைத்துத் தின்ன வசதியாக உருண்டை உருண்டையாகச் சுருட்டி வைக்கிறது. அதை அரைத்தால் மாவு, வேகவைத்தால் விழுது. சோயாப் பாலில் ஜிப்சமோ மக்னீசியம் குளோரைடோ சேர்த்தால் டோஃபு உறைகிறது. நல்ல உணவு, ஆனால் எந்தப் பக்கம் வெட்டினாலும் ஒரே வழவழப்பு. கோதுமை மாவைப் பிசைந்து தண்ணீரில் அலசி, மாவுச்சத்து போனபின் மிஞ்சும் குளூட்டன் என்ற புரதத்தை உண்பது சீனத்துப் பௌத்த மடங்களின் பழைய வழக்கம். அதில் இழுவை உண்டு, ரப்பரைப் போல. எனக்குப் பிடிக்கவில்லை.

உருண்டையை இழையாக்க இப்போது இயந்திரம் வந்திருக்கிறது. பட்டாணி அல்லது சோயாப் புரதத்தைத் தண்ணீரோடு இரட்டைத் திருகுக்குள் தள்ளி, 100 டிகிரிக்கு மேல் சூடேற்றி உருக்கி, நீண்ட குளிர்ந்த குழாய் வழியாகப் பிதுக்குகிறார்கள். குழாயின் சுவரை ஒட்டிய பகுதி மெதுவாகவும் நடுப்பகுதி வேகமாகவும் நகர்வதால், புரதம் ஒரே திசையில் இழுபட்டு அப்படியே இறுகிவிடுகிறது. நிறத்துக்கும் மணத்துக்கும் சோயா வேர் முடிச்சில் இருக்கும், இரத்தத்தைப் போலச் சிவந்த ஹீம் புரதத்தை ஈஸ்ட்டில் வளர்த்துச் சேர்க்கும் வழியையும் இம்பாசிபிள் ஃபுட்ஸ் நிறுவனம் கண்டது. அதன் பர்கர் 2016இல் வெளிவந்தது. இவர்களின் உழைப்பை நான் மதிக்கிறேன். ஆனாலும் கேட்கிறேன்: பூஞ்சை பிறவியிலேயே இழையாக வளர்கிறதே, உருண்டையோடு ஏன் இத்தனை போராட்டம்?

இதை முன்பே யோசித்தவர்கள் இங்கிலாந்தில் இருந்தார்கள். 1960களில் உலகத்துக்கே புரதப் பஞ்சம் வரப்போகிறது என்ற அச்சம் இருந்தது. ரேங்க் ஹோவிஸ் மெக்டூகல் என்ற மாவு நிறுவனம் உலகின் பல மூலைகளிலிருந்து 3,000க்கும் மேற்பட்ட மண் மாதிரிகளை வரவழைத்துச் சோதித்தது. கடைசியில் தேர்ந்த பூஞ்சை, பக்கிங்ஹாம்ஷயரில் மார்லோ என்ற ஊரின் மண்ணிலேயே இருந்தது. இன்று அதன் பெயர் ஃபியூசேரியம் வெனனேட்டம். பல ஆண்டுகள் சோதனை செய்து, 1985இல் குவார்ன் என்ற பெயரில் விற்பனைக்குக் கொண்டுவந்தார்கள். புது உணவு ஒன்றுக்கு அவ்வளவு பொறுமையாகக் காத்திருந்தது எனக்கு மிகப் பெரிய விஷயமாகப் படுகிறது.

பல மாடி உயரமுள்ள கலனில் குளுக்கோஸ் கரைசலில் அதை வளர்க்கிறார்கள். துடுப்புப் போட்டுக் கிளறுவதில்லை. கீழிருந்து ஏறும் காற்றுக் குமிழிகளே கலக்குகின்றன. தொடர்ந்து ஓடவிட்டால், ஏறக்குறைய ஆறு வாரத்தில், அதிகமாகக் கிளைவிடும் திரிபுகள் தலையெடுத்துவிடும். அவற்றின் இழை குட்டை, கடித்தால் உதிரும். அதனால் கலனைக் காலி செய்து மறுபடி முதலிலிருந்து தொடங்குகிறார்கள். சத்து குறைவதால் அல்ல, இழை நீளம் குறைவதால்! உன் பல்லின் வழக்கை ஒரு தொழிற்சாலையே ஏற்று நடத்துகிறது, பார்த்தாயா?

யூரிக் அமிலம் ஏறி உன் கால் பெருவிரல் வீங்கியது நினைவிருக்கிறதா? வேகமாக வளரும் எந்த நுண்ணுயிரிலும் ஆர்.என்.ஏ. என்ற மரபுப் பொருள் அதிகம்; அது நம் உடலில் யூரிக் அமிலமாகத்தான் முடியும். ஆகவே அறுவடை செய்ததை 60 டிகிரிக்குச் சற்று மேலான சூட்டில் அரை மணி நேரம் போல வைக்கிறார்கள். பூஞ்சையின் சொந்த நொதிகளே ஆர்.என்.ஏ.வை அறுத்து வெளியேற்றிவிடுகின்றன. 10 சதவீதத்தை ஒட்டி இருந்தது 2 சதவீதத்துக்கு இறங்குகிறது. கூடவே எடையில் கணிசமான பங்கும் போய்விடும், அந்த நட்டத்தை ஏற்றுக்கொள்கிறார்கள். பிறகு ஆவியில் வேகவைத்து உறையவைக்கிறார்கள். பனிப்படிகங்கள் வளர வளர இழைகளை நெருக்கித் தள்ளிக் கட்டாக்குகின்றன. கடிக்கும் பதம் வருவது அங்கேதான். இவர்களின் பல பண்டங்களில் முட்டை வெள்ளைக்கரு சேர்கிறது. அதையும் நீ தவிர்ப்பதானால் உறையைப் படித்துவிட்டு வாங்கு.

என் டெம்பே வேறு குடும்பம். ஜாவாக்காரர்களின் கண்டுபிடிப்பு, பூஞ்சையின் பெயர் ரைசோபஸ். சோயாவை ஊறவைத்து, தோலைக் கசக்கி எடுத்து, கொஞ்சம் வினிகர் விட்டு அவித்து, விதைத்தூள் (பூஞ்சை வித்துள்ள தூள்) கலந்து, ஊசியால் துளையிட்ட பையில் பரப்பி, 30 டிகிரிச் சூட்டில் வைக்க வேண்டும். என் முதல் முயற்சி பாழ். ஈரம் வடியுமுன் அவசரப்பட்டுவிட்டேன். பாக்டீரியா முந்திக்கொண்டு எல்லாம் கொழகொழத்துப் புளித்துவிட்டது. இரண்டாம் முறை அளவுக்கு மீறி விட்டுவைத்தேன். அம்மோனியா வாடை மூக்கைத் துளைத்தது. மூன்றாவது முறை, பன்னிரண்டு மணி நேரம் வரை ஒன்றும் நடக்காததைப் பார்த்து நம்பிக்கை போய்விட்டது. நடு இரவில் எழுந்து கையை வைத்தேன். பையின் உள்பக்கம் முத்து முத்தாக வியர்த்திருந்தது. கட்டி, காய்ச்சல்காரக் குழந்தையின் நெற்றியைப் போலச் சுட்டது. வெளிச்சூடு இனி வேண்டாம், தன் சூட்டிலேயே அது வளரும் என்று அப்போது புரிந்தது. விளக்கை அணைக்க மனம் வராமல் வெகுநேரம் அங்கேயே நின்றிருந்தேன்.

ஆனால் ஒன்றை மறைக்காமல் சொல்கிறேன். டெம்பே உன் பல்லை முழுதாகச் சமாதானப்படுத்தாது. அங்கே இழை செய்வது பருப்பைச் சேர்த்துக் கட்டும் வேலைதான். பல்லுக்கு இப்போதே வேண்டுமென்றால் சிப்பிக்காளானை வாங்கு. கத்தி வைக்காதே, காம்பிலிருந்து நீளவாக்கில் விரலால் பிய். உலர்ந்த சட்டியில் பரப்பி, மேலே கனமான இன்னொரு சட்டியை வைத்து அழுத்து. தண்ணீர் சீறிக்கொண்டு வெளியேறும். அது வற்றிச் சத்தம் மாறியபிறகு எண்ணெய் ஊற்றி, இரு பக்கமும் சிவக்க விடு. எதிர்த்து நின்று பிரியும் அந்தப் பதம் கிடைக்கும். ஆனால் காளானில் பத்தில் ஒன்பது பங்கு தண்ணீர். 100 கிராமில் புரதம் 3 கிராம் அளவுதான். அதை மட்டும் நம்பிவிடாதே. கடிக்கக் காளான், உடம்புக்குப் பருப்பும் டெம்பேயும் என்று சேர்த்தே வை.

வைட்டமின் பி12ஐப் பற்றியும் மருத்துவரிடம் கேட்டுக்கொள். அதைச் செடியும் செய்வதில்லை, விலங்கும் செய்வதில்லை, பாக்டீரியாதான் செய்கிறது. முட்டை, பால், மீன் எல்லாவற்றையும் விட்டுவிட்டால் மாத்திரைக்குக் கூச்சப்படாதே.

“விட்டதை விட்டோம், அதைப் போல ஒன்றை ஏன் தேட வேண்டும்?” என்று உன் மகன் கேட்டதாக எழுதியிருந்தாய். அறுபது வருடம் மென்ற பல் அது, அதன் ஏக்கத்தில் ஒரு குற்றமும் இல்லை என்று அவனிடம் சொல். விலங்கைக் கொல்லாமல் அந்த ஏக்கம் தீருமென்றால் அதற்காக எத்தனை இரவும் விழித்திருக்கலாம் என்றே நான் நினைக்கிறேன்.

விதைத்தூள் ஒரு பொட்டலம் இதோடு வைத்திருக்கிறேன். குளிர்சாதனப் பெட்டியில் வை. அரைக் கிலோ பருப்புக்கு ஒரு தேக்கரண்டி போதும். துணியால் ஒற்றி ஈரம் போக்கிவிட்டு, பருப்பு கைச்சூட்டுக்கு ஆறியபின் கலக்கு. ஓரத்தில் கறுப்புப் புள்ளி வந்தால் பயப்படாதே, அது பூஞ்சையின் வித்துதான். பச்சையோ சிவப்போ தெரிந்தால் யோசிக்காமல் தூக்கி எறி. முதல் கட்டியை நறுக்கியதும் உள்ளே எப்படி இருந்தது என்று எனக்கு விவரமாக எழுது.

உன் அன்பு நண்பன்