ரயில் பாதைக்குக் கிழக்கே

அன்புள்ள குமரனுக்கு,

அம்மா எழுதுவது. இங்கே எல்லோரும் நலம். போன வாரம் போனில், "நம்ம அண்ணாமலை நகருக்கு என்னம்மா பழமை இருக்கு? யுனிவர்சிட்டியை எடுத்துட்டா வெறும் வயல்தான்" என்று சிரித்தாய். அடுப்பில் குழம்பு கொதித்துக்கொண்டிருந்ததால் விட்டுவிட்டேன். இப்போது கேள்.

நீ சொன்னதில் பாதி சரிதான். 1920-ல் சிதம்பரத்தில் மீனாட்சி கல்லூரியை ஆரம்பித்த ராஜா அண்ணாமலைச் செட்டியார், பிறகு தன் கல்லூரிகளோடு 20 லட்சம் ரூபாயையும் அரசாங்கத்திடம் ஒப்படைத்தார். 1929-ல் அண்ணாமலைப் பல்கலைக்கழகம் வந்தது. ஊர்ப் பெயரும் அவர் பெயரே. பிள்ளைகள் தங்கிப் படிக்கிற இடமாகக் கட்டியதால் வாத்தியார், கிளார்க், சமையல்காரர் என்று எல்லோரும் இங்கேயே குடியேறினார்கள்.

ஆனால் நம் ஊர்த் திருவேட்களத்தை மறந்துவிட்டாயே! பரீட்சை வந்தால் மட்டும் நீ ஓடுவாயே, அந்தக் கோயில்தான். சம்பந்தரும் அப்பரும் பாடிய தலம். தில்லைக்குள் இரவு தங்க மனம் ஒப்பாமல், சம்பந்தர் வேட்களத்தில் தங்கித்தான் நடராசரைக் கும்பிடப் போய்வந்தாராம், பெரியபுராணத்தில் இருக்கிறது. ஹாஸ்டல் பையன்களுக்கெல்லாம் அவர்தான் சீனியர்.

வந்து தங்குகிறவர்களால் ஆன ஊர் இது. இந்தி எதிர்ப்புப் போராட்டத்தில் 1965 ஜனவரி 27 அன்று துப்பாக்கிச் சூட்டில் செத்துப்போன இராசேந்திரனும் இங்கே படிக்க வந்த பிள்ளைதான். 1979-க்குப் பிறகு தொலைதூரக் கல்வி வந்ததும், வேலைக்குப் போகிறவர்களெல்லாம் பரீட்சை எழுத வந்து இறங்கினார்கள். ஜெராக்ஸ் கடைகள் பெருகின.

நேற்று பைண்டிங் கடைக்குப் போயிருந்தேன். ஒரு பையன் ஆய்வேட்டைக் கையில் வைத்துக்கொண்டு முகம் வெளிறி நிற்கிறான். கறுப்பு ரெக்ஸின் அட்டையில் தங்க எழுத்து பளபளக்கிறது. கைடு பெயரில் ஓர் எழுத்து தப்பு. கடைக்காரர் அலட்டிக்கொள்ளவே இல்லை. "உக்காரு தம்பி, டீ சாப்பிடு" என்று சொல்லிவிட்டு வேறு அட்டை எடுத்தார். எத்தனை பேரைப் பார்த்திருப்பார்!

2013-ல் அரசு ஏற்று நடத்தத் தொடங்கிய பிறகு உபரி ஊழியர்களை வெளி அலுவலகங்களுக்கு அனுப்பினார்கள் அல்லவா, நம் தெருவிலும் சிலர் குடும்பத்தோடு போய்விட்டார்கள். கொலு வைக்கிற வீடுகள் குறைந்துபோனது எனக்குத்தான் வருத்தம். வாடகைக்கு வருகிறவர்கள் மட்டும் ஓயவில்லை.

மாடி அறையை இசைத் துறையில் ஆராய்ச்சி செய்யும் ஒரு பெண் கேட்கிறாள். காலையில் சாதகம் செய்வாளாம். அப்பா சரி என்றுவிட்டார். உன் பழைய ரெக்கார்டு நோட்டுகள் அங்கேதான் கிடக்கின்றன. பரணில் ஏற்றவா, பழைய பேப்பருக்குப் போடவா என்று வியாழனுக்குள் சொல். வெள்ளிக்கிழமை பெயிண்ட் அடிக்க ஆள் வருகிறது.

அன்புடன்,
அம்மா